குவாபாருவின் பத்தொன்பது முத்திரைகள்

குவாபாரு, ஒகினாவா
மே 12, 1957

தம்பி செய்ஜுனுக்கு, இராஹா இல்லத்தின் மூத்த மகள் உட்டோ எழுதுவது.

நீ பொலிவியாவுக்குக் கப்பலேறி ஒன்பது மாதங்கள் கடந்துவிட்டன. இதுவரை நான் எழுதாமலிருந்ததற்கு நேரமின்மை காரணமன்று. நாஹா துறைமுகத்திற்கு வந்து வழியனுப்ப மறுத்தவள், பின்னர் தபால் வழியே நலம் விசாரிப்பது போலித்தனம் என்று கருதினேன். இன்று எழுதுவதும் நலம் விசாரிப்பதற்கன்று.

சென்ற மாதம் முப்பதாம் நாள், நில அலுவலகத்தார் நம் ஊர்மன்றச் சுவரில் ஒரு பட்டியலை ஒட்டினார்கள். கம்பிவேலிக்குள் அடைபட்டுக் கிடக்கும் நிலத்தை அமெரிக்க இராணுவத்திற்கு நீண்டகாலக் குத்தகையாக விடச் சம்மதித்து, குடும்ப முத்திரை பதித்தவர்களின் பட்டியல் அது. முப்பத்தொரு பெயர்கள். பதினான்காவது பெயர் இராஹா செய்ஜுன்.

இதன் விளைவை நீ அறிவாய், ஆயினும் எழுதுகிறேன். விமான ஓடுபாதையை நீட்டப் போகிறார்கள். நமது சர்க்கரைவள்ளித் தோட்டமும், அம்மாவின் எலும்புகள் இருக்கும் கல்லறைக் குன்றும் அந்த நீட்சிக்குள் அமைகின்றன. சம்மதத்தை மறுப்போர் ஓராண்டுக்குள், அதாவது அடுத்த ஏப்ரல் முப்பதுக்குள், எழுத்து மூலம் மறுக்கலாம். அதன் பின் புல்டோசர் வரும்.

இரண்டாண்டுகளுக்கு முன்பு அவர்கள் துப்பாக்கி முனைக் கத்திகளோடு வந்தபோது, நீ தோட்டத்தின் நடுவில் படுத்துக்கொண்டாய். உன்னைப் போர்வையில் சுருட்டித் தூக்கி எறிந்தார்கள். அப்போது நான் பெருமைப்பட்டேன். அடுத்த ஆண்டே குடியேற்றத்திற்கு விண்ணப்பித்தாய். அதே போல் விண்ணப்பித்த கானெகோ வீட்டார் எட்டு மாதங்கள் காத்திருந்தும் இடம் கிடைக்கவில்லை. உன் விண்ணப்பம் மூன்றே வாரங்களில் கைகூடியது. அன்றே எனக்கு உறுத்தியது. இன்று ஊருக்கே உறுத்துகிறது. கிணற்றடியில் கமாடோ என் காதுபடச் சொன்னாள்: "சும்மாவா கப்பல் குடுப்பாங்க? ஒரு குத்துக் குத்துனா ஒரு கண்டமே கிடைக்குதுன்னா நானும்தான் குத்துவேன்." அவள் கணவன் பெயரும் அதே பட்டியலில் இருக்கிறது என்பதை அவளுக்கு நினைவூட்டினேன். "அந்தாளு தூக்கத்துலகூட முத்திரையைத் தொடல. யாரு வேலையோ" என்றாள். பட்டியலில் உள்ள பலரும் இப்படியே சொல்கிறார்கள். யார் வீட்டில் புதிதாக வானொலி பாடுகிறது, யார் கூரையில் புதுத் தகரம் மின்னுகிறது என்று ஒருவரையொருவர் கவனித்தபடி திரிகிறோம்.

நீ முத்திரை பதித்தாயா, இல்லையா? விளக்கம் வேண்டாம். ஆம் அல்லது இல்லை.

இராஹா உட்டோ


ஒகினாவா குடியிருப்பு, சாந்தா குரூஸ், பொலிவியா
ஜூலை 14, 1957

அக்காவுக்கு,

இல்லை.

ஒரே சொல்லில் பதில் கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன். மீதியை விரும்பினால் படியுங்கள். உங்கள் கடிதத்தைச் சுமிக்குப் படித்துக் காட்டினேன். பிள்ளைக்குச் சோறு ஊட்டியபடியே கேட்டவள், "உங்க அக்கா கடிதம் எழுதல, கோர்ட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்காங்க" என்றாள்.

இங்கே நாங்கள் கண்டத்தை ஆளவில்லை. மரத்தை வெட்டுகிறோம், எரிக்கிறோம், விதைக்கிறோம். ஆறு பெருகி வந்து விதைத்ததை எடுத்துக்கொண்டு போகிறது. மிஞ்சிய சோளம் கிளிகளுக்கு. முதல் கப்பலில் வந்தவர்களில் பதினைந்து பேரைப் பெயர் தெரியாத காய்ச்சல் கொண்டுபோனது. இந்த ஊர் கொசு ஒன்றுதான் சம்மதப் பத்திரம் நீட்டாமல் இரத்தம் எடுக்கிறது. வேலிக்கு வெளியே நின்று என் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே வாழ முடியாமல்தான் வந்தேன். மூன்று வாரத்தில் எப்படிக் கிடைத்தது என்று எனக்கும் தெரியாது. போர்வையில் சுருட்டப்பட்டவனை ஊரைவிட்டே அனுப்பிவிட்டால் நல்லது என்று யாராவது நினைத்திருக்கலாம்.

என் முத்திரையை நான் கொண்டுவரவில்லை. பங்கீட்டு அரிசி நாட்களிலிருந்து எல்லா வீட்டு முத்திரையும் ஊர்த்தலைவர் கூஷி ஐயாவிடம் பிஸ்கட் டின்னில்தானே கிடக்கிறது. உரம் வந்தால் அவர் குத்துவார், தடுப்பூசிக் கணக்கென்றால் அவர் குத்துவார். என்னுடையதும் அங்கேதான் இருக்கும். போய்ப் பாருங்கள்.

நானும் ஒன்று கேட்கலாமா? இராணுவ முகாம் வாசலில் உள்ள தையல்கடையில் உங்களுக்கு வேலை யார் வாங்கிக் கொடுத்தது? சிப்பாய்களின் சட்டை முதுகில் நம் தீவின் படத்தைப் பூத்தையல் போட்டுக் கொடுப்பதாகக் கானெகோ எழுதியிருந்தான். முகாம் ஆட்களோடு தினமும் பேசுபவர் நீங்கள். பத்தாயிரம் மைல் தூரத்தில் இருப்பவன் மேல் சந்தேகம் முதலில் எப்படி வந்தது?

செய்ஜுன்


குவாபாரு
செப்டம்பர் 8, 1957

தம்பி செய்ஜுனுக்கு,

உன் கேள்விக்குப் பதில் கூறும் கடமை எனக்கில்லை. எனினும் கூறுகிறேன். தையல் வேலையை நானே கேட்டுப் பெற்றேன். வரைபடம் பார்த்துத் தைக்கத் தெரிந்தவள் யார் என்று கடைக்காரி கேட்டாள், வேறெவரும் முன்வரவில்லை. புலி, கழுகு, தீவின் படம் ஆகியவற்றைத் தைக்கிறேன். ஒரு சிப்பாய் தன் சட்டை முதுகில், தான் இறந்தால் சொர்க்கம் செல்வான் என்று தைக்கச் சொன்னான். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து, ஒன்றும் பிழையின்றித் தைத்தேன். பேச்சு அவ்வளவே.

நான் பள்ளியின் படியேறாதவள் என்பதை நீ அறிவாய். உன்னை முதுகில் சுமந்தபடி வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே நின்று கற்றேன். இன்று இவ்வூரில் ஒரு மனுவோ முறையீடோ எழுத வேண்டுமெனில் என் வாசலுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு நான் தீங்கிழைப்பேன் என்று எண்ண உன்னால் மட்டுமே முடியும்.

நீ சென்ற பிறகு நான் செய்ததையும் கேள். கல்லறைக் குன்று வேலிக்குள் சென்றதிலிருந்து ஈராண்டுகள், முன்னோருக்குப் படைத்து உண்ணும் ஷீமீ விருந்து நடைபெறவில்லை. அம்மாவின் கல்லறை முன்பு பாய் விரித்து ஒரு கவளம் உண்ண வழியில்லை. சென்ற மார்ச்சில், அனுமதி தருகிறோம் என்று நில அலுவலகத்தார் இரு தாள்களைக் கொண்டுவந்தார்கள். ஹவாய்த் தீவில் பிறந்த நம் இனத்து மொழிபெயர்ப்பாளன் ஒருவன் உடன் வந்தான். பெண்கள் அஞ்சிப் பின்வாங்கினார்கள். நான் தாள்களை வாங்கி வாசித்து, இது வேலிக்குள் நுழைவதற்கான விண்ணப்பம் மட்டுமே என்று விளக்கினேன். கூஷி ஐயாவுக்குக் கண்ணில் புரை. டின்னை என்னிடம் தள்ளி, "நீ படிச்ச பொண்ணு. நீயே குத்திடும்மா" என்றார். பத்தொன்பது குடும்பங்களுக்கு நானே பதித்தேன். ஏப்ரலில் அனைவரும் உள்ளே சென்றோம். பன்றியிறைச்சியும் அரிசிப் பணியாரமும் படைத்தோம். காவலுக்கு நின்ற சிப்பாய்க்குக்கூட ஒரு பணியாரம் கொடுத்தாள் கமாடோ. மூத்த மகனாகிய நீ ஆற்ற வேண்டிய கடமை அது.

உன் முத்திரை டின்னில்தான் இருக்கிறது. அதனால் என்ன? ஜூலையில் எடுத்துப் பதித்தவன் ஆகஸ்டில் மீண்டும் அதே டின்னில் போட்டுவிட்டுக் கப்பலேற இயலாதா?

நில அலுவலகத்திற்குச் சென்றேன். சம்மதப் பத்திரத்தைக் காட்ட மறுத்துவிட்டார்கள். உரிமையாளன் நீ, நான் உன் தமக்கை மட்டுமே. உண்மையிலேயே நீ குற்றமற்றவனாயின், பார்வையிட எனக்கு அதிகாரம் அளித்து ஒரு கடிதம் அனுப்பு. அனுப்பத் தயங்கினால் அதையே பதிலாகக் கொள்வேன்.

இராஹா உட்டோ


ஒகினாவா குடியிருப்பு
நவம்பர் 10, 1957

அக்காவுக்கு,

அதிகாரக் கடிதம் இத்துடன் இருக்கிறது. இங்கே கருங்காலி போல ஒரு மரம் உண்டு, கோடரியே மழுங்கும். அதில் புது முத்திரை செதுக்கி, துணைத்தூதரகத்தில் பதிவுசெய்து, அதைக் குத்தியிருக்கிறேன்.

கடிதத்தைக் கவனமாகப் படியுங்கள். "பார்வையிட மட்டும்" என்று எழுதியிருக்கிறேன். "பார்வையிடுவதைத் தவிர வேறெதற்கும் செல்லாது" என்று கீழே இன்னொரு முறையும் எழுதியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கையில் என் முத்திரையுள்ள தாளைக் கொடுக்க மூன்று இரவு யோசித்தேன். அதைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

பட்டியலைப் பார்த்துச் சண்டை போட்டது போதும். பத்திரத்தில் தேதி இருக்கும். நான் கப்பலேறியது 1956 ஆகஸ்ட் 9. அதற்கு முந்தைய தேதி என்றால் ஊர் என்னைத் திட்டட்டும். பிந்தையது என்றால், இங்கே மரம் வெட்டிக்கொண்டிருந்தவன் அங்கே எப்படிக் குத்தினான் என்று அவர்களைக் கேளுங்கள்.

அந்த இரண்டு தாள்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஒன்றில் என்ன இருந்தது என்று எழுதினீர்கள். மற்றதில்?

பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

செய்ஜுன்


குவாபாரு
ஜனவரி 9, 1958

தம்பி செய்ஜுனுக்கு,

உன் கடிதம் டிசம்பர் இறுதியில் வந்தது. மறுநாளே அலுவலகம் சென்றேன். அதன் பின் இத்தனை நாட்கள் எழுதாமலிருந்ததற்கு நேரமின்மை காரணமன்று.

பத்திரத்தின் தேதி 1957 மார்ச் 26.

அது ஆங்கிலத்தில் இருந்தது. அடியில் பத்தொன்பது முத்திரைகள். அன்று மழை, கூஷி ஐயாவின் மைத்திண்டு ஈரமாகியிருந்ததால் ஒவ்வொன்றும் வலப்பக்கம் சற்றே கசிந்திருந்தது. கசிந்த விதம் எனக்குத் தெரியும். அந்த முத்திரைகளை அழுத்திய கட்டை விரல் என்னுடையது.

பட்டியலில் முப்பத்தொருவர். அவர்களில் வெளிப்படையாகச் சம்மதித்தவர்கள் பன்னிருவர் என்பது ஊரறிந்த செய்தி. மீதியை நான் எட்டு மாதங்களாகக் கழித்துப் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்பதே சரி.

மேசைக்குப் பின்னால் ஷூரி நகரத்து இளைஞன் ஒருவன் அமர்ந்திருந்தான். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனைக் கேட்டேன். அவன் கோப்பைப் புரட்டினான். "என்னம்மா கேக்குறீங்க? உங்க ஊர்ல இங்கிலீஷ் தெரிஞ்ச ஒரு அம்மா ரெண்டு தாளையும் படிச்சு எல்லாருக்கும் விளக்கினாங்கன்னு மொழிபெயர்ப்பாளர் குறிப்பு எழுதி வச்சிருக்காரே. அதனாலதான் இந்தப் பத்திரம் செல்லும்" என்றான். ஏளனமாகச் சொல்லவில்லை, பணிவாகவே சொன்னான். அந்த அம்மாவை நான் அறிவேனா என்றும் கேட்டான்.

முதல் தாள் நம் எழுத்தில் இருந்தது, படித்தேன். இரண்டாம் தாளை நான் படிக்கவில்லை. எனக்கு ஆங்கிலம் தெரியாது. சட்டை முதுகில் எழுத்துகளைத் தைப்பேன். அவை கூடி என்ன சொல்கின்றன என்பதைக் கடைக்காரி சொன்னால்தான் அறிவேன். அன்று பதினெட்டு வீட்டுப் பெண்களும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மொழிபெயர்ப்பாளன் சிரித்தபடி, "அம்மாவுக்கு இதுவும் படிக்க வருமா?" என்றான். நான் தாளைக் கண்ணருகே பிடித்து, இடமிருந்து வலமாகப் பார்வையை ஓட்டினேன். பத்தி முடியும் இடங்களில் தலையசைத்தேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன்.

அவன் அறிந்தே கேட்டான் என்று இப்போது எண்ணுகிறேன். அவனைக் குற்றம் சாட்டினால் என் நெஞ்சு சற்று ஆறும். ஆனால் தெரியாது என்ற ஒரு சொல்லைச் சொல்ல அவன் எனக்கு இடமளித்தான், நான்தான் சொல்லவில்லை.

இனிச் செய்ய வேண்டியதைக் கூறுகிறேன். விளக்கி வாசித்தவளுக்கு அம்மொழி தெரியாது என்று நிலைநாட்டினாலன்றி அந்தச் சம்மதம் ரத்தாகாது. நிலத்தின் உரிமையாளனே முறையிட வேண்டும். வரைவை இத்துடன் இணைத்துள்ளேன். "எனது முத்திரையை எனது அனுமதியின்றி என் தமக்கை இராஹா உட்டோ பதித்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. பெருமையின் பொருட்டுத் தெரிந்ததாகப் பொய் கூறினாள்." இதில் நீ முத்திரை பதித்து அனுப்பு. பிறர் முத்திரையைப் பொய்யாகப் பதித்தவளுக்குத் தண்டனை உண்டு என்று ஷூரி இளைஞன் தெரிவித்தான். அதைப் பற்றி நீ யோசிக்க வேண்டியதில்லை.

ஊருக்கு இன்னும் சொல்லவில்லை. முதலில் உனக்கு.

பிள்ளை நலமா?

உட்டோ


ஒகினாவா குடியிருப்பு
மார்ச் 2, 1958

அக்காவுக்கு,

கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இரண்டு நாள் மரம் வெட்டினேன். மூன்றாம் நாள் மறுபடி படித்தேன்.

வரைவை முதலில் நான் படித்தேன். பிறகு சுமி. பிறகு குடியிருப்புப் பள்ளி ஆசிரியர். மூன்று பேர் படிக்காமல் இனி எதிலும் முத்திரை வைப்பதில்லை. இதிலும் உங்கள் தந்திரம் ஏதாவது இருக்குமோ என்று ஒரு வரியில் விரல் வைத்து நின்றேன். இல்லை.

"பெருமையின் பொருட்டு" என்பதை எடுத்துவிடலாம், "அறியாமையால்" என்று போட்டால் தண்டனை குறையலாம் என்றார் ஆசிரியர். சுமியும், "எடுத்துடுங்களேன், பாவம்" என்றாள். "எடுத்தா அக்கா திருப்பி அனுப்புவா, இன்னொரு நாலு மாசம் ஆகும், புல்டோசர் காத்திருக்காது" என்றேன். ஆசிரியர் சிரித்துவிட்டார்.

அது மட்டும் காரணமில்லை. நீங்கள் உங்களைப் பற்றி எழுதியதைத் திருத்த எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது. ஒரு சொல்லும் மாற்றவில்லை. முத்திரை வைத்திருக்கிறேன்.

ஊருக்குச் சொல்லுங்கள். என் தாள் ஒன்று மட்டும் போனால், பொலிவியாவில் இருப்பவன் ஏதோ உளறுகிறான் என்று மூலையில் போட்டுவிடுவார்கள். பத்தொன்பதும் போக வேண்டும்.

பிள்ளை நடக்கிறான். விழுந்தால் அழுவதில்லை, யார் பார்த்தார்கள் என்று சுற்றிப் பார்க்கிறான். உங்கள் சாயல் என்கிறாள் சுமி.

செய்ஜுன்


குவாபாரு
ஏப்ரல் 28, 1958

செய்ஜுனுக்கு,

உன் தாள் பதினெட்டாம் நாள் கிடைத்தது. அன்று மாலையே ஊர்மன்றத்தில் அனைவரையும் அழைத்துச் சொன்னேன். எழுதி வைத்துக்கொண்டு போயிருந்தேன், வாசிக்கவில்லை.

கூஷி ஐயா டின்னை மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கமாடோ எழுந்தாள். "ஒரு வருஷமா என் புருஷன் மூஞ்சியப் பாத்து நான் சோறு போடல. எதிர்வீட்டுத் தகரத்த எண்ணிக்கிட்டுக் கெடந்தேன். நீ எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தானே இருந்த?" என்றாள். ஜனவரியிலிருந்து தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். அவள் வெளியே போய்விட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள்.

என் வாசலுக்கு இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்று எண்ணினேன். மறுநாள் காலை, நான் தேநீர் வடித்துக்கொண்டிருக்கும்போது கமாடோ வந்தாள். தாளும் மைக்கட்டியும் தூரிகையும் கொண்டுவந்திருந்தாள். அவற்றை என் முன் வைத்தாள்.

"உக்காரு. எழுது."

என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன்.

"உன்மேல புகார். அலுவலகத்துல செல்லுற மாதிரி எழுதணும்ல. இந்த ஊர்ல வேற எவளுக்கு எழுதத் தெரியும்?"

எழுதினேன். "பொய் கூறினாள்" என்ற இடத்தில் தூரிகை மெலிந்ததைக் கண்டு, மை தொட்டு அழுத்தமாக எழுதச் சொன்னாள். எழுதி முடித்ததும் இருமுறை உரக்க வாசிக்கச் சொன்னாள். பிறகு தன் கணவனை இழுத்துவந்து மீண்டும் ஒருமுறை வாசிக்க வைத்தாள். அவன் தன் முத்திரையைத் தன் கையாலேயே பதித்தான்.

பத்து நாட்களில் மற்ற பதினேழு வீட்டாரும் வந்தார்கள். சிலர் முகம் பார்க்கவில்லை. சிலர் வழக்கம்போல் சர்க்கரைவள்ளி கொண்டுவந்தார்கள். வாங்க மறுத்தேன், வைத்துவிட்டுப் போனார்கள். கானெகோவின் தாயார் மட்டும், "இந்த மாதிரி வேற யாராலயும் எழுத முடியாதும்மா" என்று பாராட்டினார். தாம் எதைப் பாராட்டுகிறோம் என்று அதன் பின் தோன்றி, வாயைப் பொத்திக்கொண்டார். இருவரும் சிரித்துவிட்டோம். கடந்த ஓராண்டில் நான் சிரித்தது அன்றுதான்.

உன்னுடையதோடு பத்தொன்பது தாள்களும் இப்போது என் முன் இருக்கின்றன. அனைத்தும் ஒரே கையெழுத்து. நாளை காலை இவற்றை நானே எடுத்துச் செல்கிறேன். கமாடோவும் உடன் வருகிறாள். துணைக்கா, காவலுக்கா என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சம்மதம் செல்லாது என்று அவர்கள் ஒப்புக்கொள்வார்களா, அறியேன். ஒப்புக்கொண்டாலும் வேறொரு தாளுடன் வருவார்கள். என்னை மாலையில் வீட்டுக்கு அனுப்புவார்களா என்பதும் தெரியாது. நம் வீட்டில் வணங்கும் முன்னோர் பெயர்ப்பலகைகளைக் கூஷி ஐயா வீட்டில் வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் தெரியும். இவ்வளவு சீராக எழுதுபவளுக்கு அந்தத் தாளைப் படிக்கத் தெரியாதா என்று கேட்பார்கள். அதை என் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். மொழிபெயர்ப்பாளன் மறுபடியும் சிரிப்பான். எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்வேன். அதை அவர்கள் ஏட்டில் எழுதிக்கொள்ளும் வரை சொல்லிக்கொண்டே இருப்பேன்.

அக்கா